ரபி ராய்: பதவிக்காலம் குறைவு, தீர்ப்பு இரண்டு

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

மக்களவைத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போது நீங்கள் மீண்டும் மீண்டும் ரபி ராயின் பெயரைச் சொல்கிறீர்கள். 1989 டிசம்பரில் வந்தார், அவை கலைந்ததும் போனார். முதல் மக்களவைத் தலைவர் மாவ்லங்கரைப் போல மரபுகளை உருவாக்கும் காலமும் அவருக்குக் கிடைக்கவில்லை, சோம்நாத் சாட்டர்ஜியைப் போலத் தன் கட்சியோடு மோதிய வரலாறும் இல்லை. ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நல்ல மனிதர் என்பதைத் தாண்டி அவரிடம் என்ன இருக்கிறது?

2 மார்ச், மாலை

காலம் குறைவு என்பது உண்மைதான். பதினைந்து மாதங்களே அவர் அந்த நாற்காலியில் இருந்தார். ஆனால் அந்தப் பதினைந்து மாதங்களில் இரண்டு பிரதமர்கள் வந்து போனார்கள், ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தது, சுதந்திர இந்தியாவில் முதன்முறையாக உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பதவி நீக்கும் கோரிக்கை ஏற்கப்பட்டது. கட்சி உடைப்பு பற்றியும் நீதிபதி பற்றியும் அவர் எடுத்த இரண்டு முடிவுகளுக்காகத்தான் அவரைச் சொல்கிறேன். இரண்டையும் அவர் உரிய நேரத்தில் எடுத்தார். என் வாதம் அவ்வளவுதான். நேரம் கிடைக்கும்போது விரித்து எழுதுகிறேன்.

3 மார்ச்

முதலில் ஒரு திருத்தம். பதினைந்து மாதங்கள் என்று நேற்று எழுதியது தவறு. 1989 டிசம்பர் 19 அன்று அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்பதாவது மக்களவை 1991 மார்ச் 13 அன்று கலைக்கப்பட்டது. இந்த இரண்டு தேதிகளை வைத்து நான் கணக்கிட்டுவிட்டேன். அரசியலமைப்பின் 94-ஆம் பிரிவின்படி, அவை கலைந்தாலும் அதன் தலைவர் பதவி இழப்பதில்லை. அடுத்த மக்களவையின் முதல் கூட்டத்துக்குச் சற்று முன்பு வரை அவரே தலைவர். எனவே 1991 ஜூலை 9 வரை, ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் அவர் பதவியில் இருந்தார். "அவை கலைந்ததும் போனார்" என்று கேள்வியிலும் இதே பிழை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் நானும் வழிமொழிந்துவிட்டேன்.

இனி அவருடைய பின்னணி. ஒடிசாவின் பூரி மாவட்டத்தில் 1926 நவம்பர் 26 அன்று பிறந்தார். கட்டக்கில் ராவன்ஷா கல்லூரியில் படித்து, 1948-49-இல் அங்கே மாணவர் சங்கத் தலைவராக இருந்தார். அந்தக் காலத்திலேயே சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1967-இல் பூரி தொகுதியில் சம்யுக்த சோசலிஸ்ட் கட்சியின் வேட்பாளராக வென்று மக்களவைக்குப் போனார். 1974-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1979 ஜனவரி முதல் ஓராண்டுக் காலம், முதலில் மொரார்ஜி தேசாய் அரசிலும் பிறகு சரண் சிங் அரசிலும், சுகாதாரம் மற்றும் குடும்பநலத் துறை அமைச்சராக இருந்தார். 1989-இல் ஜனதா தள வேட்பாளராகக் கேந்திரபாராவில் வென்றார். 1977, 1980, 1984 பொதுத் தேர்தல்களில் பிஜு பட்நாயக் வென்ற தொகுதி அது. ரபி என்பது நாம் ரவி என்று சொல்லும் அதே பெயர்தான்; ஒடியா ஒலிப்பில் வகரம் பகரமாகிறது.

3 மார்ச், இரவு

மேலே எழுதியதைப் படித்தால் ஒருவருடைய பணிப்பதிவேட்டைப் படிப்பது போல இருக்கிறது. அவர் எந்த வகைச் சோசலிஸ்ட் என்பதைச் சொல்லாமல் இந்த விவரங்களுக்குப் பொருள் இல்லை.

அதற்கு நான் என் ஊரிலிருந்து தொடங்க வேண்டும். நான் விளவங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்தவன். 1954 ஆகஸ்டில் திருவிதாங்கூர்-கொச்சியில் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அந்தக் கூட்டத்தில் இருந்த என் தந்தை உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர். அரசியல்வாதிகளைப் பற்றி அவர் நல்ல சொல் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் ராம் மனோகர் லோகியா என்ற பெயரை மட்டும் மரியாதையோடு உச்சரிப்பார். காரணம் எளியது. அப்போது பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த லோகியா, சிறையில் இருந்தபடியே, தன் கட்சியின் முதலமைச்சரே பதவி விலக வேண்டும் என்று கோரினார். மக்களைச் சுட்ட அரசு தன்னுடையதாக இருந்தாலும் நீடிக்கக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. கட்சி அதை ஏற்கவில்லை. அந்தப் பூசல் வளர்ந்து, 1955-இல் லோகியா வெளியேற்றப்பட்டுத் தனிக்கட்சி அமைப்பதில் முடிந்தது.

ரபி ராய் அப்போது லோகியாவின் பக்கம் போனவர். தன் தரப்புக்கு எதிராகவும் அதே அளவுகோலைப் பிடிக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தக் கட்சியினர் என் ஊரில் சிந்திய இரத்தத்தை முன்னிட்டுத்தான் கற்றார்கள் என்பதை நான் வெகுநாட்கள் கழித்தே புரிந்துகொண்டேன்.

6 மார்ச்

இன்று அவருடைய நினைவு நாள். 2017-இல் இதே நாளில் கட்டக்கில் தமது 90-ஆம் வயதில் காலமானார்.

ஆங்கிலத்தை அகற்ற வேண்டும் என்று போராடிய கட்சிக்காரர் ஒருவரை 1965-ஐக் கண்ட தமிழர்கள் ஏன் கொண்டாட வேண்டும் என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. லோகியாவின் கோரிக்கை அந்தந்த மாநிலத்தின் மொழியே ஆட்சியிலும் கல்வியிலும் இருக்க வேண்டும் என்பதாக இருந்தபோதிலும், மத்தியில் ஆங்கிலம் போனால் அந்த இடத்தில் இந்தி மட்டுமே வந்து அமரும் என்ற நம் அச்சத்துக்கு அவர்களிடம் போதுமான பதில் இல்லை. அந்த விஷயத்தில் நாம் எதிரெதிர்த் திசைகளில் நின்றோம். அதை மழுப்ப நான் விரும்பவில்லை. அதே நேரத்தில், பிற்படுத்தப்பட்டோருக்கு நூற்றுக்கு அறுபது இடங்கள் வேண்டும் என்று வட இந்தியாவில் முழங்கிய கட்சியும் அதுதான். 1990 ஆகஸ்டு 7 அன்று மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்தப் போவதாகப் பிரதமர் வி.பி. சிங் அறிவித்தபோது மக்களவையின் தலைமை நாற்காலியில் இருந்தவர் அந்த முழக்கத்தோடு வளர்ந்த மனிதர்.

11 மார்ச்

கட்சி உடைப்பு விவகாரத்துக்கு வருகிறேன். சற்று நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

1985-இல் 52-ஆவது திருத்தத்தின் மூலம் கட்சித் தாவல் தடைச் சட்டம் பத்தாவது அட்டவணையாக அரசியலமைப்பில் சேர்ந்தது. ஒரு சட்டமன்றக் கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது தாவல் அல்ல, பிளவு. அவர்களுடைய பதவிக்கு ஆபத்தில்லை என்பது அன்றைய விதி. சில்லறைத் தாவலைத் தடுத்துவிட்டு மொத்த வியாபாரத்தை அனுமதிக்கும் சட்டம் இது என்று மது லிமாயே கண்டித்தார். அவரும் சோசலிஸ்ட்தான். இதில் முடிவு சொல்லும் அதிகாரம் அவைத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1990 நவம்பர் 5 அன்று சந்திரசேகர் தலைமையில் ஒரு குழு ஜனதா தளத்திலிருந்து பிரிந்தது. இரண்டு நாட்கள் கழித்து வி.பி. சிங் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 142-க்கு 346 என்ற கணக்கில் தோற்றது. காங்கிரசின் ஆதரவோடு சந்திரசேகர் பிரதமரானார். பிரிந்து போனவர்களைத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்று ஜனதா தளம் அவைத் தலைவரிடம் முறையிட்டது.

சற்று நின்று யோசித்துப் பாருங்கள். முறையிட்ட கட்சி அவரைத் தேர்தலில் நிறுத்திய கட்சி. முறையீட்டுக்கு ஆளானவர்கள் ஆட்சியில் இருக்கிறார்கள். இரு பக்கங்களிலும் அவரோடு பல்லாண்டுகள் இயக்கத்தில் உழைத்த பழைய சோசலிஸ்டுகள் நிற்கிறார்கள். கோப்பை மூடிவைத்துவிட்டு அவை கலையும் வரை காத்திருந்தால் எவரோடும் பகை வந்திருக்காது.

அவர் அப்படிச் செய்யவில்லை. 1991 ஜனவரி 11 அன்று, அதாவது ஏறத்தாழ இரண்டே மாதங்களில், முடிவை அறிவித்தார். பிளவு நடந்தது உண்மை என்று ஏற்றுக்கொண்டார். சந்திரசேகரும் அவரோடு சென்ற பெரும்பாலானோரும் பதவியில் நீடித்தார்கள். ஆனால் அந்தப் பிளவின் கணக்கில் சேராதவர்கள் என்று அவர் கண்ட சில உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அப்போதைய வெளியுறவு அமைச்சர் வித்யா சரண் சுக்லாவும் அவர்களில் ஒருவர். அடுத்த மாதம் சுக்லா அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

11 மார்ச், இரவு

எழுதியதை மீண்டும் படித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. ஜனதா தளத்தைச் சேர்ந்த அவைத் தலைவர், ஜனதா தளத்திலிருந்து ஓடியவர்களைத் தகுதி நீக்கம் செய்தார் என்றால், அது தன் கட்சிக்குச் செய்த உதவியாகவும் பார்க்கப்படலாம் அல்லவா? பார்க்கலாம். ஆனால் ஜனதா தளத்துக்குத் தேவைப்பட்டது பிளவே நடக்கவில்லை என்ற தீர்ப்பு. அது கிடைத்திருந்தால் பிரிந்தவர்கள் அத்தனை பேரும் பதவி இழந்திருப்பார்கள், பிரதமர் உட்பட. அதை அவர் கொடுக்கவில்லை. ஆளுந்தரப்புக்குத் தேவைப்பட்டது எவரையும் தொடாத தீர்ப்பு. அதையும் அவர் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் மனதில் படுகிறது. இந்தியாவில் சோசலிஸ்டுகளைப் போல உடைந்து, சேர்ந்து, மீண்டும் உடைந்த இயக்கம் வேறொன்று இல்லை. 1955, 1964, 1965, 1971, 1972, 1979 என்று அந்த இயக்கத்தின் வரலாற்றையே பிளவுகளும் இணைப்புகளும் நடந்த ஆண்டுகளாக எழுதிவிடலாம். ரபி ராய் அதன் உள்ளேயே இருந்தவர். கொள்கைக்காக நடந்த பிளவையும் பதவிக்காக நடந்த பிளவையும் அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். இத்தகைய வழக்கைத் தீர்க்க அவரைவிட அனுபவம் மிக்கவர் அந்த அவையில் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

12 மார்ச்

இந்தத் தேதியில் எழுத வேண்டும் என்றே காத்திருந்தேன்.

நீதிபதி வி. ராமசாமி தமிழகத்தைச் சேர்ந்தவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பிறகு பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, 1989-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். சண்டிகரில் தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு இல்லத்துக்கும் அறைகலன்களுக்கும் வரம்பு மீறிச் செலவு செய்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அவரைப் பதவி நீக்கக் கோரி மக்களவை உறுப்பினர்கள் 108 பேர் கையொப்பமிட்ட கோரிக்கை ரபி ராயிடம் வந்தது. 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி, அதை ஏற்பதும் மறுப்பதும் அவைத் தலைவரின் பொறுப்பு. ஏற்றால் மூவர் கொண்ட குழுவை அமைக்க வேண்டும்.

1991 மார்ச் 6 அன்று சந்திரசேகர் பதவி விலகிவிட்டார். அவை எந்த நாளும் கலையலாம் என்ற நிலை. மார்ச் 12 அன்று ரபி ராய் கோரிக்கையை ஏற்று, உச்ச நீதிமன்ற நீதிபதி பி.பி. சாவந்த், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.டி. தேசாய், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி ஆகியோர் கொண்ட குழுவை அமைத்தார். மறுநாள் அவை கலைக்கப்பட்டது.

ஒரே ஒரு நாள். அவை கலைந்ததால் கோரிக்கையும் காலாவதியாகிவிட்டது என்று மத்திய அரசு வாதிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கோரிக்கை காலாவதியாகவில்லை என்று 1991 அக்டோபரில் அந்த மன்றம் தீர்ப்பளித்தது. மார்ச் 12 அன்று கையொப்பம் விழாமல் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்புக்கே இடம் இருந்திருக்காது.

அந்த மாலை வானொலிச் செய்தியில் இதைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சிலர், தமிழர் என்பதால் குறி வைக்கிறார்கள் என்றார்கள். அப்போது நானும் ஓரளவு அப்படியே நினைத்தேன். குழு பதினான்கு குற்றச்சாட்டுகளில் பதினொன்று நிரூபணமானதாக அறிக்கை கொடுத்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

20 மார்ச்

"கடைசியில் அந்தக் கோரிக்கை தோற்றதுதானே, பயன் என்ன?" என்று முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் மீண்டும் எழுதியிருக்கிறார்.

1993 மே 11 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 196 வாக்குகள் விழுந்தன. எதிராக ஒன்றும் விழவில்லை. காங்கிரசையும் அதன் கூட்டணிக் கட்சிகளையும் சேர்ந்த 205 பேர் வாக்களிக்காமல் அமர்ந்திருந்தார்கள். வேண்டிய பெரும்பான்மை கிடைக்காமல் அது விழுந்தது. அவையில் அதை முன்மொழிந்தவர் சோம்நாத் சாட்டர்ஜி, நீங்கள் ரபி ராயோடு ஒப்பிட்ட அதே மனிதர். ரபி ராய் அப்போது கேந்திரபாரா உறுப்பினராக அதே அவையில் இருந்தார். பிற்காலத்தில் மக்களவைத் தலைவரான சாட்டர்ஜி, 2008 ஜூலையில் மார்க்சிஸ்ட் கட்சியால் வெளியேற்றப்பட்டும் நாற்காலியை விடவில்லை. இருவரில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்த எனக்கு விருப்பமில்லை. சாட்டர்ஜியின் மோதலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ராயின் முடிவுகள் கோப்புகளுக்குள் நடந்தன.

பயன் என்ன என்பதற்கு வருகிறேன். அவைத் தலைவரின் வேலை கோரிக்கையை வெற்றிபெறச் செய்வது அன்று. அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்வதைத் தடுக்காமல் இருப்பதும், காலத்தைக் கடத்தி அதைக் கொல்லாமல் இருப்பதும்தான். 205 பேர் வாக்களிக்காமல் இருந்ததற்கு அவர்கள்தான் பொறுப்பு.

29 மார்ச்

கால தாமதத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்று வீட்டிலும் கேட்டார்கள். இரண்டு காரணங்கள்.

முதலாவது, நம் சட்டமன்றம். 2017-இல் பேரவைத் தலைவர் 18 உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்ய ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் அரசுக்கு எதிராக வாக்களித்த 11 உறுப்பினர்கள் மீதான மனுவோ ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போயும் அவர்கள் பதவியில் நீடித்தார்கள். எந்தக் கட்சி ஆண்டாலும் பல மாநிலங்களில் இதே கதைதான். அவைத் தலைவரின் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முடிவே எடுக்காவிட்டால் எதை ஆய்வு செய்வது? மூன்றில் ஒரு பங்கு என்ற வாசலை 2003-இல் 91-ஆவது திருத்தம் மூடியது. தாமதம் என்ற வாசல் திறந்தே இருக்கிறது. சாதாரணமாக மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எவரும் சொல்லாமலேயே 1991-இல் ரபி ராய் இரண்டு மாதங்களில் முடித்தார்.

இரண்டாவது காரணம் என் சொந்த வாழ்க்கையிலிருந்து. 1988-இல் நான் ஒரு தொழிற்சங்கக் கிளையின் தலைவராக இருந்தேன். கிளையில் 186 உறுப்பினர்கள். மூன்றில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கேட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. செயலாளருக்கு எதிரான ஒரு குழு 62 கையொப்பங்களோடு என்னிடம் வந்தது. கையொப்பங்களைச் சரிபார்த்து, உண்டு அல்லது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரு பக்கமும் நண்பர்கள். சமாதானம் ஆகிவிடும் என்று நம்பி நான்கு மாதங்கள் அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். சமாதானம் ஆகவில்லை. கடைசியில் எண்ணியபோது 71 பேர் அந்தப் பக்கம் நின்றார்கள், பொதுக்குழு கூடியது, செயலாளர் வீழ்ந்தார், கிளை இரண்டாக உடைந்தது. தாமதத்தால் நான் செயலாளருக்கு நான்கு மாதங்கள் கூடுதலாகப் பதவி வாங்கிக் கொடுத்துவிட்டேன், கேட்டவர்களுக்கு அநீதி செய்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு இத்தனை ஆண்டுகளாக இருந்துவருகிறது.

7 ஏப்ரல்

ரபி ராய் கடைசிவரை தேர்தலில் நின்றாரா என்று ஒருவர் கேட்டார். இல்லை. 1991-இல் மீண்டும் கேந்திரபாராவில் வென்று 1996 வரை உறுப்பினராக இருந்தார். 1997-இல் லோக் சக்தி அபியான் என்ற அமைப்பைத் தொடங்கி, ஊழலுக்கு எதிராகவும் மக்கள் உரிமைக்காகவும் தேர்தல் அரசியலுக்கு வெளியே நின்று உழைத்தார். மக்களவைத் தலைவராக இருந்தவர் மீண்டும் போட்டியிட்டதே சரியா என்பதில் எனக்கு இன்னும் தெளிவான கருத்து இல்லை. 1967-இல் அந்தப் பதவிக்கு வந்தபோது கட்சி உறுப்பினர் பதவியையே விட்டு விலகிய சஞ்சீவ ரெட்டியும், பிறகு குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சி வேட்பாளராக நின்றார்.

14 ஏப்ரல்

மார்ச் 29 அன்று எழுதிய குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அதைப் படித்துவிட்டு, 1988-இல் அந்த 62 கையொப்பங்களைக் கொண்டுவந்த தோழர் நேற்றுத் தொலைபேசியில் அழைத்தார். பேசிப் பதினைந்து ஆண்டுகள் இருக்கும். பட்டியலின் நகல் அவரிடம் இன்னும் இருக்கிறது. அதில் இரண்டு கையொப்பங்கள் உரியவர்கள் இட்டவை அல்ல என்றார். அந்த இருவரும் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் வேறொருவர் போட்டுவிட்டாராம். நான் அன்றே சரிபார்த்திருந்தால் அறுபதுதான் தேறியிருக்கும், கோரிக்கை விழுந்திருக்கும், செயலாளர் தப்பியிருப்பார். நான் இழுத்தடித்த நான்கு மாதங்களில்தான் அவர்கள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார்கள்.

ஆக, நான் யாருக்கு அநீதி செய்தேன் என்பதையே முப்பத்தாறு ஆண்டுகளாகத் தவறாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் செயலாளர் இப்போது மகளோடு திருநெல்வேலியில் இருக்கிறார். அவருடைய எண்ணைத் தோழர் கொடுத்திருக்கிறார். இன்று மாலை அழைக்கப் போகிறேன்.